கியர்ப்பெட்டியின் சூட்டுக்கு ஒரு முள்

(சங்கக் கிளைக் கூட்டத்தில், லோரி, பிக்கப் ஓட்டுநர்களும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடியிருந்த சபையில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தலைவர் அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ‘பேனா பிடிக்கும் கிராணிக்குக் கியர்ப்பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?’ என்பது அந்தச் சிரிப்பின் பொருள். நியாயமான கேள்விதான். ஆனால் தோழர்களே, ஒரு வண்டியின் கியர்ப்பெட்டி கருகினால் அதன் பில் வந்து சேருமிடம் கிராணியின் மேசை. ஓட்டுநரிடம் காரணம் கேட்கும் கடிதம் தயாராவதும் அதே மேசையில். பில்லுக்கும் கடிதத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று சொல்ல மட்டும் ஒரு துண்டுக் காகிதமும் இருப்பதில்லை. அந்தக் காகிதத்தை எப்படி உண்டாக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு. சாமான் வேலையைப் பற்றிச் சொல்வதெல்லாம் பட்டறையில் வேலை செய்யும் நம் தோழர்களிடம் கேட்டும், கூடவே நின்று பார்த்தும், கருவியோடு வந்த ஆங்கிலக் காகிதத்தை அகராதி வைத்துப் படித்தும் தெரிந்துகொண்டவை.

பழைய லோரிகளில் கைக்கியர். கிளச்சை மிதித்து, குச்சியைத் தள்ளி ஓட்டிய வண்டிகள் அவை. அவற்றின் கியர்ப்பெட்டி எண்ணெய் இலேசில் சூடாகாது. அவற்றுக்கு நான் சொல்லப்போகும் கருவி அவசியமும் இல்லை. இப்போது தோட்டங்களில் டீசல் பிக்கப்புகள் நிறைய ஓடுகின்றன. பல வண்டிகளில் ஆட்டோ கியர். ஓட்டுவது சுலபம், கால் வலியில்லை, துரைமார்களுக்கும் பிடித்திருக்கிறது. ஆகவே ஆளேற்ற, உரமேற்ற, பால் டாங்கியைப் பின்னால் கோத்து இழுக்க, எல்லாவற்றுக்கும் அதே வண்டி. மழை பெய்த செம்மண் மேட்டில் நிறைந்த டாங்கியோடு அந்த ஆட்டோ கியர் படும் பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். டாங்கி இழுக்கும் டிராக்டர் பழுதாகிப் பட்டறைக்குப் போனது. அது திரும்பி வரும்வரை பிக்கப்பில் இழுக்கும்படி உத்தரவு. பால் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மோனியா ஊற்றினாலும் வெயிலில் நேரம் போனால் மனம் பதறும். உறைந்த பால் டாங்கிக்குள் கட்டியாகிவிட்டால் அதற்கும் யாராவது பதில் சொல்லவேண்டும். ஆகவே அந்த ஓட்டுநர் வழியில் நிறுத்தாமல் ஓட்டினார். சில நாட்களில் கருகிய வாசம் வந்தது. வாயால் சொன்னார். ‘இன்னும் இரண்டு நாள் பொறு’ என்ற பதிலும் வாயால்தான் வந்தது. மூன்றாம் நாள் மேட்டின் நடுவில் வண்டி இழுக்க மறுத்தது. இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

அடுத்த வாரம் ஓட்டுநர் கையில் கடிதம். ‘கவனக்குறைவாக ஓட்டி நிர்வாகத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்தீர்.’ விசாரணையில் நிர்வாகத்தின் பக்கம் பட்டறைச் சீட்டு, பில், புகைப்படம் எல்லாம் இருந்தன. ஓட்டுநர் பக்கம் அவருடைய சொல் மட்டுமே இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய மனிதர். ‘வாசம் வந்தது, சொன்னேன்’ என்கிறார். ‘எங்கே எழுதியிருக்கிறது?’ என்கிறார்கள். எங்கும் எழுதவில்லை. இரண்டு வாரம் சம்பளமில்லாத் தண்டனை. அதோடு, கியர்ப்பெட்டியின் விலையை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.

அந்தக் கையெழுத்தைப் போடுமுன் அவர் சங்கத்துக்கு வந்தது நல்லதாயிற்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் இல்லாத எதையும் பிடிக்கக் கூடாது என்பது அப்பிரிவின் முதல் வாக்கியம். தவறிப்போய் அதிகமாகக் கொடுத்த சம்பளம், முன்பணம் இவையெல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. உடைந்த வண்டிக்கு ஈடு என்று முதலாளி தம் விருப்பப்படி பிடித்துக்கொள்ள அதில் இடம் இல்லை. தொழிலாளி எழுதிக் கேட்டுப் பிடிக்கும் வகைகளும் சில உண்டு; அதனால்தான் கையெழுத்து வாங்க இவ்வளவு ஆசை. சங்கம் கடிதம் எழுதியது, பிடித்தம் நின்றது. ஆனால் இரண்டு வாரச் சம்பளம் போனது போனதுதான். சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தக்க விசாரணைக்குப் பின் இரண்டு வாரம் வரை சம்பளமின்றி நிறுத்த முதலாளிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கும்போது பாதிச் சம்பளமாவது தரவேண்டும், குற்றமில்லை என்று முடிந்தால் மீதியையும் உடனே தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஆட்டோ கியர்ப்பெட்டி ஒன்றைப் புதிதாக மாற்ற அதைப் போல் பல மடங்கு ஆகும். இப்படிப்பட்ட தொகை வாய்ச்சொல்லை நம்பி ஒரு தொழிலாளியின் தலைக்குமேல் தொங்கக் கூடாது.

இனிக் கருவிக்கு வருவோம்.

ஆட்டோ கியரில் கிளச்சு மிதி இல்லை. இயந்திரத்துக்கும் கியருக்கும் இடையில் எண்ணெய் நிறைந்த ஒரு வட்டப் பானை இருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் என்பார்கள். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும் அல்லவா? அதே காரியத்தைக் காற்றுக்குப் பதிலாக எண்ணெயில் செய்கிறார்கள். சமதரையில் வேகமாகப் போகும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். நவீன வண்டிகளில் ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அப்போது சூடு குறைவு. பளுவோடு மேட்டில் ஊர்ந்தால் ஒரு பக்கம் வேகமாகச் சுற்றும், மறுபக்கம் தயங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. பாரம் கட்டிய கயிறு கையில் நழுவினால் உள்ளங்கை காய்கிறதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடான எண்ணெயை முன்னால் உள்ள குளிர்விப்பானுக்கு அனுப்பித் திரும்ப வாங்குகிறார்கள். அதன் தகட்டிடுக்கில் செம்மண்ணும் லாலான் பூவும் காய்ந்த இலையும் அடைத்திருந்தால் காற்று எங்கே போகும்? வாரம் ஒருமுறை, வண்டி ஆறியபின், தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவவேண்டும். தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால் தகடு மடங்கிவிடும். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

எவ்வளவு சூடு தகும்? சாதாரணமாக இந்த எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். சில புதிய வண்டிகள் இதற்குச் சற்று மேலே ஓடும்படியே செய்யப்பட்டவை. வண்டிப் புத்தகம் சொல்வதே முடிவு. பட்டறைக்காரர்களிடம் நெடுநாளாக ஒரு கணக்கு உண்டு. 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தக் கணக்கு. 91-இல் பாதி, 102-இல் கால், 113-இல் அரைக்கால். சாதாரண எண்ணெய்க்கு வந்த கணக்கு இது. உயர்ந்த ரகச் செயற்கை எண்ணெய் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் திசை ஒன்றுதான். 115-ஐ ஒட்டி எண்ணெயில் அரக்குப் போன்ற படிவம் உண்டாகத் தொடங்கும். 127-ஐத் தாண்டினால் ரப்பர் அடைப்புகள் இறுகிப்போகும். நாம் வெட்டும் பாலின் இனத்தைச் சேர்ந்த சாமான் அது என்பதால் சொல்கிறேன். இறுகிய ரப்பர் எதையும் அடைக்காது, எண்ணெய் அழுத்தம் நழுவும். 145-ஐ நெருங்கினால் உள்ளே உள்ள கிளச்சுத் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. அதன்பின் பட்டறைதான்.

‘வண்டியில்தான் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே’ என்பீர்கள். பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. ஆனால் அது எரியும்போது எண்ணெய் வெந்து முடிந்திருக்கும். மேலும், விளக்கு எரிந்தது என்பதற்கு என்ன சாட்சி? அணைந்தபின் அது விளக்கே இல்லை. முன்பலகையில் உள்ள தண்ணீர்ச் சூட்டு முள்ளை நம்பியும் பயனில்லை. அது இயந்திரத்தின் தண்ணீரைச் சொல்வது. அதிலும் இன்றைய பல வண்டிகளில் அந்த முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் கலங்கக் கூடாதாம்! கியர் எண்ணெய்க்குத் தனி மீட்டர் வேண்டும். எண்ணெயில் முழுகி நின்று சூட்டை உணரும் ஓர் உணர்கருவி, அதிலிருந்து ஒரு கம்பி, முன்பலகையில் ஒரு முள். அவ்வளவுதான் சாமான்.

துளை போடுமுன் ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். புதிய வண்டிகளின் கியர்ப்பெட்டிக்குள் தொழிற்சாலையிலேயே ஓர் உணர்கருவி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கியர் மாற்றும் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வேலை செய்கிறது, ஓட்டுநருக்குத்தான் காட்டுவதில்லை! முன்பலகைக்குக் கீழே பட்டறைக்காரர்கள் சோதனைக் கருவி செருகும் ஒரு வாய் இருக்கிறது. அந்த வண்டி ரகத்துக்கு ஒத்துவரும் சிறு திரையை அதில் செருகினால் கியர் எண்ணெய்ச் சூட்டை எண்ணாகவே காட்டும். எல்லாச் சோதனைக் கருவியும் இந்த எண்ணைப் படிக்காது. வாங்குமுன் போட்டுப் பார்க்கவேண்டும். கைப்பேசியில் பார்க்கும் வகையும் உண்டு, ஆனால் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுக்காதீர்கள். இந்த வழி ஒத்துவந்தால் துளையும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். ஒத்துவராத வண்டிக்கே நான் அடுத்துச் சொல்வது.

முதலில் நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதி. வண்டி அவர்களுடையது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் துளை போட்டால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டுக் கடிதமாக வரும்.

உணர்கருவியை வைக்க மூன்று இடம் உண்டு. ஒன்று, குளிர்விப்பானுக்குப் போகும் எண்ணெய்க் குழாய். அங்கே வைத்தால் கன்வர்ட்டரிலிருந்து வரும் எண்ணெயின் சூடு அப்படியே தெரியும். முள் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், பழகாதவரைப் பயமுறுத்தும். குழாயில் ஓட்டம் நின்றுபோனால் காட்டுவதும் பொய்யாகும். இரண்டாவது, பெட்டியின் உடம்பில் அழுத்தம் பார்க்க விட்டிருக்கும் துளை. மூடியைக் கழற்றித் திருகினால் போதும், சுலபம். ஆனால் அந்த உடம்பு அலுமினியம். நுனி குறுகிய புரியுள்ள உணர்கருவியைப் பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் உடம்பு வெடிக்கும். உணர்கருவியும் அந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்கவேண்டும். மூன்றாவது, கீழே உள்ள எண்ணெய்த் தட்டு. பெட்டி முழுவதும் உறிஞ்சிக் குடிப்பது இந்தத் தட்டில் உள்ள எண்ணெயைத்தான். அதன் சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், நம்பி எழுதலாம். நம் காரியத்துக்கு இதுவே தக்கது என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெய் இறக்கும் அடித்திருகாணிக்குப் பதிலாக உணர்கருவி திருகும் சாமான் கடையில் கிடைக்கிறது. நகரத்து வண்டிக்கு அது போதும். நம் காட்டுப் பாதையில் கட்டையும் வேரும் கல்லும் எத்தனை! அடியில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரு நாள் அடிபடும், எண்ணெய் முழுவதும் வழியில் போகும். ஆகவே தட்டின் பக்கச்சுவர்தான் சரி. அதிலும் பின்பக்கமாக, முன்னால் வரும் கட்டை நேரே மோதாத இடமாகப் பார்க்கவேண்டும். உணர்கருவியின் மூக்கு உள்ளே இருக்கும் வடிகட்டியிலும் வால்வுப் பலகையிலும் இடிக்கக் கூடாது. வண்டி மேட்டில் சாய்ந்து நின்றாலும் மூக்கு எண்ணெயில் முழுகியிருக்கவேண்டும்; காற்றில் நின்றால் குறைத்துக் காட்டும்.

இப்போது வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் ஏற்றவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். அடியில் இருப்பது உங்கள் உயிர். எண்ணெய் கைசுடாத அளவுக்கு ஆறட்டும். எண்ணெயை இறக்கி அளந்து வையுங்கள். திருகாணிகளைக் கழற்றித் தட்டைத் தனியே எடுக்கவேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளை போடுகிறவர்கள் உண்டு. ஓர் இரும்புத் தூள் உள்ளே போனால் வால்வு சிக்கும், நாம் காப்பாற்ற வந்த பெட்டியை நாமே கெடுத்தவர்களாவோம்.

தட்டின் உள்ளே ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் பெட்டி ஏற்கெனவே நோயில் இருக்கிறது. அதை அங்கேயே படம் பிடித்து, தேதி போட்டு, நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். மீட்டர் பொருத்தியதால்தான் கெட்டது என்று பின்னால் ஒருவர் சொல்லாதிருக்க அது உதவும். எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பேறிக் கருகிய வாசம் அடித்தால் அதையும் எழுதுங்கள்.

தட்டு இரும்பாக இருந்தால், குறித்த இடத்தில் துளையிட்டு, உள்ளே புரி வெட்டிய குட்டையான இரும்புக் குழல் ஒன்றை ஒட்டவைக்கவேண்டும். பெரும்பாலான மீட்டர்களுக்குப் புரியின் அளவு 1/8 அங்குலம், குறுகு புரி. ஒட்டும் சூட்டில் தட்டின் விளிம்பு கோணிப்போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு ஒட்டுகிற கைதேர்ந்த ஆளிடம் கொடுங்கள். ஆறியபின் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெளியே ஈரம் கசிந்தால் மறுபடி ஒட்டவேண்டும். பிறகு துடைத்துக் கழுவி, ஒரு தூளும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தபின் மாட்டலாம். சில புதிய வண்டிகளில் தட்டே பிளாஸ்டிக். அதில் துளை போடாதீர்கள்.

உணர்கருவியின் புரியில் வெள்ளை நாடா சுற்றுவது நம் ஊர்க் குழாய்க்காரர் வழக்கம். இங்கே அது ஆகாது. நாடாவின் துணுக்கு பிய்ந்து எண்ணெயோடு போய் வால்வில் சிக்கும். ஒற்றைக் கம்பி உணர்கருவியாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதற்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். நாடாவைத் தடியாகச் சுற்றினால் எர்த் கெட்டு முள் தவறாகக் காட்டும். எண்ணெய்க்கு ஏற்ற அடைப்புப் பசையை, நுனிப் புரியை விட்டுவிட்டு, மெல்லியதாகப் பூசினால் போதும். புதிய கேஸ்கட் வைத்து, திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள்.

எண்ணெய் எந்த ரகம் என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்டோரில் இருக்கிறது என்று வேறு ரகத்தை ஊற்றினால் கிளச்சுத் தட்டு வழுக்கும். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். குச்சியே இல்லாமல் பக்கத் திருகாணி வழியாக, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது மட்டும் அளக்கும் வண்டிகளும் உண்டு. அங்கேயும் நம் முள் உதவிக்கு வருகிறது பாருங்கள்.

கம்பி வேலையில் முதல் கேள்வி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பது. பிக்கப் 12, பெரிய லோரிகள் பல 24. 12 வோல்ட் மீட்டரை 24-இல் கோத்தால் அன்றைக்கே அதன் ஆயுள் முடிந்தது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில், நடுவில் பியூஸ் வைத்துக் கோர்க்கவேண்டும். உணர்கருவிக் கம்பியைப் புகைக்குழாய்க்கும் சுழலும் தண்டுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். இரும்புத் தகட்டுத் துளை வழியே உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். மீட்டரும் உணர்கருவியும் ஒரே ஜோடியாக வாங்கவேண்டும். ஒரு கம்பெனி முள்ளுக்கு இன்னொரு கம்பெனி உணர்கருவியைக் கோத்தால், முள் ஆடும், ஆனால் அது சொல்வது கதை.

மாட்டுமுன் ஒரு சோதனை. விசாரணையில் ‘உங்கள் மீட்டர் சரியென்று யார் சொன்னது?’ என்று கேட்பார்கள். ஆகவே இதை இரண்டு பேர் சாட்சியாகச் செய்யுங்கள். கொதிக்கும் தண்ணீரில் உணர்கருவியின் மூக்கைத் தொங்கவிட்டு, அதன் உடம்பிலிருந்து பாட்டரியின் எர்த்துக்கு ஒரு கம்பி கொடுத்து, மீட்டரைக் கோத்துப் பாருங்கள். முள் 100-ஐ ஒட்டி நிற்கவேண்டும். அமெரிக்க மீட்டர்கள் பாரன்ஹீட்டில் இருக்கும், அதில் 212. அப்படிப்பட்ட மீட்டரானால் ஒரு சிறு சீட்டு எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்: 175 என்றால் 80, 200 என்றால் 93, 220 என்றால் 104, 240 என்றால் 116, 260 என்றால் 127. தேதியோடு சோதனை முடிவை வண்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இனி கிராணித் தோழர்களே, இது உங்கள் பங்கு. வண்டிப் புத்தகத்தில் மைல், டீசல், போன இடம் என்று கட்டங்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டு கட்டம் கோடு போட்டுச் சேருங்கள். ஒன்று, பளு. மற்றொன்று, அந்த நடையில் முள் ஏறிய உச்சம், எந்த மேட்டில் என்பதோடு. ஓட்டுநர் திரும்பி வந்ததும் அவர் சொல்ல நீங்கள் எழுதி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். ஓட்டுநர் அண்ணனுக்கு எழுத நேரமில்லை, ஒரு சிலருக்கு எழுத வராது. செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒருவரின் ஒரு நாள் கூலி போகும் என்று அறிந்தவர்கள் நீங்கள். இந்த எண் விடுபட்டால் போவது அதைவிடப் பெரிது. ‘நிர்வாகத்துக்கு எதிராக எழுதுகிறாய்’ என்று யாராவது மிரட்டினால், வண்டியைக் காப்பாற்றும் கணக்கு இது என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

முன்பு சொன்ன தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் இப்படியே செய்தோம். மானேஜர் முதலில் முகம் சுளித்தார். கியர்ப்பெட்டியின் பில்லையும் மீட்டரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சம்மதித்தார். சில மாதப் புத்தகத்தைப் புரட்டியபோது, தனியாகவும் ஆளோடும் ஓடிய நாட்களில் முள் 95-ஐத் தாண்டவில்லை. நிறைந்த டாங்கியோடு ஒரே ஒரு மேட்டில் மட்டும் 115-க்கு மேல் போயிருந்தது. வேறு வேறு இரண்டு ஓட்டுநர்கள் ஓட்டியும் அதே மேடு, அதே எண். அதைக் காட்டியபின் டாங்கி மறுபடி டிராக்டருக்கு மாறியது. யாருக்கும் கடிதம் வரவில்லை.

முள் ஏறினால் ஓட்டுநர் என்ன செய்வது? 105-ஐ நெருங்கினால் கீழ்க்கியருக்கு வாருங்கள். நான்கு சக்கர வண்டியானால், வழுக்கும் மண் மேட்டில் ஏறத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியர் வரிசையைப் போடுங்கள். மேட்டில் வண்டியை எண்ணெய் மிதியால் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள், அது பால் காய்ச்சுவது மாதிரி எண்ணெயைக் காய்ச்சும், பிரேக்கைப் போடுங்கள். 120-ஐத் தொட்டால் பால் உறைந்தாலும் சரி, சமதரை பார்த்து நிறுத்துங்கள். உடனே இயந்திரத்தை அணைக்காதீர்கள். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் சற்றே வேகமாக ஓடவிடுங்கள். எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போய்வந்து சூடு இறங்கும். இறங்க எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதையும் புத்தகத்தில் சேருங்கள். பால் ஏன் தாமதம் என்று கேட்டால் அதுவே பதில்.

தாய்மார்களே, ‘இதெல்லாம் டிரைவர் காரியம், நமக்கென்ன?’ என்று எண்ணி நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. விடியற்காலையில் பெரட்டு முடிந்து தூர டிவிஷனுக்கு எந்த வண்டியில் போகிறீர்கள்? இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல. கீழ்க்கியரில் இயந்திரமும் சேர்ந்து பிடிக்கிறது. கருகிய கியர்ப்பெட்டி இறக்கத்தின் நடுவில் நழுவினால் அந்தப் பிடி போய்விடும், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். ஆகவே ஓட்டுநர் நிறுத்தினால், ‘பால் எடுக்க நேரமாயிற்று’ என்று பின்னாலிருந்து அவரை விரட்டாதீர்கள். இறங்கி நின்று, முள் எத்தனை என்று கேளுங்கள். நாளைக்கு விசாரணை வந்தால் நீங்கள் சாட்சி.

மேடையின் ஓரத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம். பட்டறைத் தோழர்கள் குழல் ஒட்டி, உணர்கருவி திருகி, மீட்டரும் கோத்து வைத்திருக்கிறார்கள். அடுப்பில் தண்ணீரும் கொதிக்கிறது. ஓட்டுநர்கள் முதலில் வாருங்கள்; கிராணிமார்கள் புதிய கட்டம் போட்ட மாதிரித் தாளை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்டு யாரிடமாவது காகிதம் வந்திருந்தால், அதை மடித்து வைத்துக்கொண்டு கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.